யார் செய்தது என்று கேட்டார்கள்

அப்பு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் பட்டறையில் கொடுக்காமல் வீட்டில் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அதுவும் நல்லதாகப் போயிற்று. உன் கம்பெனியில் புதிதாக ஆள் எடுக்கிற குழுவில் உன்னையும் ஒருவனாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது, உலை பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அப்படியே நின்றேன். பெற்றவளுக்குப் பெருமை இல்லாமல் இருக்குமா? பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். 'இப்போது வருகிற பையன்களை நம்பவே முடியவில்லை அம்மா. எவனோ செய்த வேலையைத் தான் செய்ததாகக் கூசாமல் சொல்கிறான்கள். நான் ஒரே கேள்வியில் பிடித்துவிடுவேன்' என்று எழுதியிருக்கிறாய். மெட்ராஸ் போன பிறகு ஆத்தாவாக இருந்த நான் உனக்கு அம்மாவாகிவிட்டேன், அது இருக்கட்டும். நான் சிரிப்பேன் என்று நினைத்துத்தான் அதை எழுதியிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரில் சொல்லலாம் என்றால் நீ ஊருக்கு வருவதே கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான். வந்தாலும் பையைத் திறப்பதற்குள் காரைக்குடி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறாய். அதனால் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, கோர்வையாக வராது. நீளமாகவும் இருக்கும். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

பட்டறையில் இருக்கிற லேத்தை, அந்தக் கடைசல் மிஷினைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். உங்கள் அப்பாவுக்கு வலது கை பட்டறை உலையில் வெந்து, சம்மட்டி பிடிக்க முடியாமல் போனதே, அந்த வருஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அண்ணன் பாலிடெக்னிக் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுப் பட்டறையில் வந்து நின்றான். நீ பள்ளத்தூரில் பஸ் ஏறி அதே பாலிடெக்னிக்குக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்தாய். இனிமேல் இரும்பை அடித்துக்கொண்டு மட்டும் இருந்தால் பிழைப்பு ஓடாது, பம்புசெட் வைத்திருப்பவன் எல்லாம் தண்டைக் கடைந்து வாங்கக் காரைக்குடிக்குப் போகிறான், நமக்கு ஒரு லேத் வேண்டும் என்று அவன்தான் சொன்னான். லேத் வாங்க நம்மிடம் என்ன இருந்தது? 'வாங்க வேணாம், செஞ்சுருவோம்' என்றான். உங்கள் அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். காய்ச்சல் கண்டிருக்கிறதோ என்று நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் பழைய கார் ஒன்று துருவேறிக் கிடந்தது. பூட்டியே கிடக்கிற வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்திருந்தார்கள். கேட்டுப் பார்க்கலாம் என்று அவனை அழைத்துக்கொண்டு நானும் போனேன். அந்த வீட்டு ஆச்சி, 'இந்தத் துருவ வச்சு என்னப்பா பண்ணப் போறீக?' என்று கேட்டார்கள். மிஷின் பண்ணப் போகிறேன் என்றான். 'தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க. உள்ள எலி குடும்பம் நடத்துது. அதையும் சேத்துக் கொண்டுட்டுப் போனீகன்னா ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்' என்றார்கள். அந்தக் காரின் பல்சக்கரங்களும், மூடிக் கிடந்த அரிசி மில்லிலிருந்து ஒரு ஷாஃப்டும், எங்கிருந்தோ இரண்டு தண்டவாளத் துண்டும் நம் வீட்டு வாசலில் வந்து விழுந்தன. அதற்குப் பிறகு அவன் அரம் போடுகிற சத்தம்தான் எனக்கு விடிகிற சத்தம். தண்டவாளத்தை அரத்தால் ராவி ராவியே கண்ணாடி மாதிரி ஆக்கினான். எல்லாம் பூட்டி ஓட்டிப் பார்த்தால் நடுத்தண்டு ஆடியது. ஓடுகிற தண்டுக்குப் பக்கத்தில் சாக்பீஸை மெல்லக் கொண்டுபோய்ப் பிடிப்பான். எந்தப் பக்கம் சாக்பீஸ் படுகிறதோ அந்தப் பக்கம் தூக்கல் என்று அர்த்தம். கழற்றுவான், ராவுவான், மறுபடி பூட்டுவான். ஒரு மழைக்காலம் முழுக்க அதுதான் வேலை. நீ சும்மா இருந்தாய் என்று நான் சொல்லவில்லை. காலேஜ் விட்டு வந்ததும் லேத்தை ஓட்டுகிற பெரிய சக்கரத்தைச் சுற்றிக் கொடுத்தாய். படம் முழுவதும் நீதான் வரைந்தாய். அச்சடித்த மாதிரி இருந்தது அந்தப் படம்.

லேத் ஓடத் தொடங்கியதும் காரைக்குடியிலிருந்து ஸ்டுடியோக்காரரை வரவழைத்துப் போட்டோ எடுத்தோம். லேத்துக்கு முன்னால் நாற்காலியில் அப்பா, வெந்த கை மேல் துண்டு. பின்னால் நீங்கள் இரண்டு பேரும். பார்க்கிறவர்கள் அப்பா செய்த மிஷின் என்றுதான் நினைப்பார்கள். நம் வீட்டு வழக்கம் அது. பட்டறையில் எதை எவன் செய்தாலும் மூத்தவர் பேரில்தான் அது வெளியே போகும். உங்கள் அப்பாவும் அவருடைய அப்பா இருக்கிற வரைக்கும் ஓர் ஆணியைக்கூட 'நான் அடித்தேன்' என்று சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் தகப்பனைத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றதாக அர்த்தம். யார் செய்தது என்று கேட்டால், 'அப்பா செஞ்சாக, நான் கூட நின்னேன்' என்பதுதான் பதில். கேட்கிறவர்களுக்கும் இங்கே அது புரியும். கூட நின்றவன் எவன் என்று ஊருக்கே தெரியும்.

ஆனால் இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எப்படிப் புரியும்? அப்பாவுக்குக் கை ஒருவழியாகத் தேறியதும் அண்ணன் விட்ட படிப்பைத் தொடர்ந்தான். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே டிப்ளமா முடித்தீர்கள். முதலில் அவனுக்குக் கோயம்புத்தூரிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினான். 'இந்த மிஷினைச் செய்தது யார்?' என்று கேட்டிருக்கிறார்கள். 'அப்பா' என்றான். 'நீ?' என்றார்கள். 'கூட நின்னேன்' என்றான். நன்றி, போய் வா என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தது மதுரையில். அங்கேயும் இதே கதை. சாப்பிட்டுக்கொண்டே அவன் சிரித்துச் சிரித்துச் சொன்னான். உனக்குத்தான் கோபம் வந்தது. 'நான்னு சொல்லணும்ணே. நான் செஞ்சேன், நான் வரஞ்சேன், நான் ஓட்டுனேன். நான்னு சொல்லாதவனுக்கு எவன் வேல குடுப்பான்?' என்றாய். 'அப்பா இருக்கயில எப்பிடிடா சொல்றது?' என்றான் அவன். 'அப்பாவா அங்க வேலைக்குப் போறாக?' என்று நீ கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். அப்பாவும் சிரித்தார். இவனாவது வாயைத் திறந்து பிழைத்துக்கொள்வான் என்று எனக்கு உன்மேல் ஒரு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

அரிசிக்காக ஊரே அலைந்த அந்த வருஷத்தில்தான் மெட்ராஸ் கம்பெனியிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் கார்டு வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நாள். நல்ல சட்டை ஆளுக்கு ஒன்று இருந்தது, பூட்ஸ் மட்டும் ஒரு ஜோடிதான், அதுவும் மாமாவிடம் வாங்கிய இரவல். உள்ளே போகிறவன் போட்டுக்கொள்ள வேண்டியது, வெளியே வந்ததும் கழற்றி மற்றவனுக்குக் கொடுக்க வேண்டியது என்று பேசி வைத்துக்கொண்டு ரயில் ஏறினீர்கள். உன் காலுக்கு அது சரி. அவனுக்குக் கடிக்கும். கட்டுச்சோற்றைக் கையில் கொடுக்கும்போது, 'வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு நிக்காத' என்று அவனிடம் சொல்லித்தான் அனுப்பினேன்.

திரும்பி வந்து நீ ஒன்றுவிடாமல் சொன்னாய். நீளமான வராந்தா, பெஞ்சு நிறையப் பிள்ளைகள், ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு சூத்திரங்களை முணுமுணுத்தது, வெளியே வருகிற ஒவ்வொருவனையும் மற்றவர்கள் மொய்த்துக்கொண்டு என்ன கேட்டார்கள் என்று பிடுங்கியது, எல்லாம் சொன்னாய். தண்டு ஆடியதை எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்டார்கள், சாக்பீஸ் வைத்துக் கண்டுபிடித்ததைச் சொன்னேன், கேள்வி கேட்ட மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்றாய். எனக்கு அப்போது எதுவும் உறுத்தவில்லை. அண்ணன் தன் இன்டர்வியூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வராந்தா ஜன்னல் வழியாக உள்ளே ஒரு லேத் தெரிந்ததாம். பஸ் நீளம் இருக்குமாம். இரும்பு ரிப்பன் மாதிரிச் சுருண்டு சுருண்டு விழுந்ததாம். 'அதுல ஒரு நாளு நின்னு பாக்கணும் ஆத்தா' என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். உனக்கு ஆர்டர் வந்தது. அவனுக்கு வரவில்லை. பிள்ளையார்பட்டிக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்தோம். அர்ச்சனைத் தட்டைச் சுமந்து வந்தவன் அவன்தான். அன்றிலிருந்து, வாய் இருந்திருந்தால் நீயும் தம்பியோடு போயிருப்பாய் என்று எத்தனை தடவை அவனைக் குத்தியிருப்பேனோ, கணக்கில்லை. அவன் ஒரு தடவைகூடப் பதில் பேசியதில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கம்பெனி இன்னொரு இடத்தில் புதிதாக ஒரு ஃபாக்டரி தொடங்குகிறது, அனுபவம் உள்ளவர்கள் வேண்டும் என்று பேப்பரில் வந்ததே, அதற்கு அவனை எழுதிப்போடச் சொன்னது நான்தான். உன் காதுக்குப் போகக்கூடாது, தம்பி சிபாரிசில் வந்தான் என்ற பேச்சு வேண்டாம் என்று அவன் சொன்னதால் உனக்கு எழுதவில்லை. போன தை மாதம் கார்டு வந்தது. அவன் வயதுக்கு அதுதான் கடைசி. பங்குனி கழிந்தால் வயது தாண்டிவிட்டது என்று எடுக்க மாட்டார்கள். நான் சட்டையை வெளுத்து மடித்து வைத்தேன். மருமகள் கட்டுச்சோற்றுக்குப் புளி கரைத்து வைத்திருந்தாள். புறப்பட வேண்டிய அன்றைக்குக் காலையில் பார்த்தால் அவன் அழுக்குக் கைலியோடு பட்டறையில் எவனுடைய பம்புசெட் தண்டையோ கடைந்துகொண்டிருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பட்டறைக்குப் போய் வாய்க்கு வந்தபடி பேசினேன். ஒன்றுக்கும் உதவாதவன் என்றேன். தம்பியைப் பார்த்தாவது உனக்குப் புத்தி வரவில்லையே என்றேன். அப்போதுதான் அவன் மிஷினை நிறுத்தினான்.

'அங்க போனா மறுபடியும் இந்த லேத்தப் பத்தித்தான் கேப்பாக ஆத்தா. நான் என்னத்தச் சொல்றது?' என்றான்.

'செஞ்சத சொல்றது. அதுல என்னடா கஷ்டம்?' என்றேன்.

இன்டர்வியூ அன்றைக்கு மெட்ராசில் நடந்ததைச் சொன்னான். நீ முதலில் உள்ளே போய்விட்டு வந்து பூட்ஸைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாய். போட்டோவை அவர்களே வைத்துக்கொண்டார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். அவன் உள்ளே போனபோது அந்தப் போட்டோ மேசைமேல் கிடந்ததாம். கேள்வி கேட்கிறவர்களில் நடுவில் இருந்தவர் அதை எடுத்து இவன் முகத்தோடு வைத்துப் பார்த்திருக்கிறார்.

'இப்ப வந்துட்டுப் போனது யாருன்னு கேட்டாரு. எந்தம்பின்னேன். இந்த மிஷின அவரு தன்னந்தனியாச் செஞ்சேன்னு சொல்லிட்டுப் போறாரு, அப்ப நீ என்ன செஞ்சன்னு கேட்டாரு.'

'நீ என்னடா சொன்ன?'

'அவன் சொன்னது சரிதான், நான் கூட நின்னேன்னு சொன்னேன்.'

அங்கேயே இரும்புத் துகள் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஏண்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். 'வேற என்ன ஆத்தா சொல்லச் சொல்ற? நான்தான் செஞ்சேன்னு சொன்னா அவன் பொய்யனாயிருவான். ரெண்டு பேரும் வெறுங்கையோட ரயிலேறியிருப்போம். ஒருத்தனாவது உள்ள போகட்டும்னு தோணுச்சு. அவ்வளவுதான். அப்ப ஒனக்கு என்னதான் தெரியும்னு கேட்டாரு. அதுக்கு என்ன பதில் சொல்றது? சிரிச்சுட்டு வந்துட்டேன்' என்றான். 'இன்னிக்குப் போனாலும் அதத்தான் கேப்பாக. இப்ப நான்னு சொன்னா, அங்க இருக்கிற அவம்பேரு என்னாகும்? அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொன்னா, கூட நின்னவனுக்கு வேல எதுக்குன்னு அனுப்பிருவாக. எப்பிடியும் திரும்பித்தான் வரணும். ரயில் சார்ஜாவது மிச்சம்.' உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டான். நான் செய்யவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மருமகள் கரைத்து வைத்த புளியில் அன்றைக்குக் குழம்பு வைத்தோம். பங்குனியும் போய்விட்டது.

அப்பு, உன்னை நான் திருடன் என்று சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். யார் செய்தது என்று கேட்கிறார்கள். பட்டறை செய்தது என்றால் அவர்கள் எழுதிக்கொள்ள இடமில்லை. அண்ணன் இரண்டு இடத்தில் தோற்று வந்ததைப் பார்த்துத்தான் நீ 'நான்' என்று சொல்லப் பழகினாய். அதற்கு நானும் சிரித்துத் தலையாட்டியவள்தான். உனக்கு அப்போது சின்ன வயது. வீட்டில் இருந்த நிலைமையும் அப்படி. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெளியே வந்து குனிந்து பூட்ஸைக் கழற்றினாயே, அவன் காலில் அதை மாட்டிக்கொண்டு எழுந்திருக்கிற வரைக்கும் பக்கத்தில்தானே நின்றாய். 'அண்ணே, உள்ள நான் இப்பிடிச் சொல்லிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் அவன் உன் தோளைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போயிருப்பான். ஒன்றும் தெரியாமல் போய் நின்று, அந்த மனிதர் வாயால் அதைக் கேட்டு, அந்த நிமிஷத்தில் அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷமும் அவன் அதை மனசில் வைத்துக்கொண்டு என்னிடம் திட்டும் வாங்கியிருக்கிறான்.

இனிமேல் நீ மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறாய். தான் செய்யாததைச் செய்ததாக ஒருவன் சொன்னால் பிடி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் அவனைக் கேவலப்படுத்தாதே. அவன் வீட்டில் என்ன பாடோ. அதைவிட முக்கியம், 'எங்க அப்பா செஞ்சாரு, நான் கூட நின்னேன்' என்று ஒருவன் வந்து சொல்வான். நம் பக்கத்துப் பிள்ளையாகத்தான் இருப்பான். அவனை உடனே அனுப்பிவிடாதே. எப்படிச் செய்தார்கள் என்று கேள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திரு. அவன் கையை அசைத்து அசைத்துச் சொல்ல ஆரம்பித்தால் யார் செய்தது என்று உனக்கே தெரிந்துவிடும். உன் அண்ணனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

கம்பெனியில் போய் நீ எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். இத்தனை வருஷம் உழைத்து நல்ல பேர் எடுத்திருக்கிறாய், அது உன்னுடையதுதான். அண்ணனிடம் மன்னிப்பும் கேட்க வேண்டாம். அவன் கேட்க விடமாட்டான். 'அட விடுப்பா, நம்ம ரெண்டு பேருந்தான செஞ்சோம்' என்று சொல்லிவிட்டு உனக்கு டீ வாங்கப் போய்விடுவான். மூத்தவர் பேரில் சொல்ல உங்கள் அப்பாவும் இப்போது இல்லை. எனக்கு மனதை அறுக்கிறது வேறு ஒன்று.

அவன் மகள் மீனா மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் இருக்கிற பொருள் ஒன்றைப் பற்றிச் சொல்லும்படி டீச்சர் கேட்டிருக்கிறார்கள். இவள் எழுந்து, 'எங்க பட்டறையில ஒரு மிஷின் இருக்கு. மெட்ராஸ்ல இருக்கிற எங்க சித்தப்பா செஞ்சது. எங்க அப்பாவுக்கு அந்த மாதிரியெல்லாம் செய்யத் தெரியாது, அதுல வேல மட்டும் பாப்பாக' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சாயங்காலம் அதை அப்படியே அவனிடமும் ஒப்பித்தாள். 'நல்லாச் சொன்ன தாயி' என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். எனக்குப் பொறுக்கவில்லை. அவளைத் தனியாக அழைத்து, அதைச் செய்தது உன் அப்பாதான் என்றேன். 'போங்க அப்பத்தா, அப்பாகிட்ட நானே கேட்டேன், சித்தப்பாதான் செஞ்சாகன்னு அவுகளே சொன்னாக' என்கிறாள்.

ஆயுத பூசைக்கு லீவு போட்டுவிட்டு வா. நீ ஒருவன் சொன்னால்தான் அந்தப் பிள்ளை நம்பும்.

ஆத்தா